பட்டாம்பூச்சி மலையும் இரண்டு பள்ளிக்கூடங்களும்

1976 ஆகஸ்ட் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டைப்படம் இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஒரு இளம்பெண், அவர் மேலெல்லாம் ஆரஞ்சு நிற மொனார்க் பட்டாம்பூச்சிகள். பெயர் கத்தலீனா அகுவாதோ. அந்த மலைகள் இருக்கும் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலேயே பிறந்தவர். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பல வருஷம் அவரை "கண்டுபிடித்தவரின் மனைவி" என்றே ஒரு வரியில் கடந்து போனார்கள். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் படம்தான் காரணம். மலையடிவாரத்துக் குழந்தைகளுக்குப் பட்டாம்பூச்சிப் பாடம் நடத்துவதைப் பற்றித் தேடப் போய், அந்தப் பாடம் எப்படி உருவானது என்ற வரலாற்றுக்குள் மாட்டிக்கொண்டேன்.

வடக்கிலிருந்து தொடங்குவோம். கனடாவில் ஃப்ரெட் அர்குஹார்ட் என்ற விலங்கியலாளர். கோடையில் திரியும் மொனார்க்குகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அவருக்குச் சின்ன வயசிலேயே வந்த கேள்வி. அவரும் மனைவி நோராவும் பட்டாம்பூச்சியின் இறக்கையில் அடையாளச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட ஆரம்பித்தார்கள். முதலில் ஒட்டியவை மழையில் உரிந்து விழுந்தன. கடைகளில் சாமான்மேல் ஒட்டுவார்களே, அந்த மாதிரி விலைச்சீட்டுதான் கடைசியில் நின்றது. 1952இல் தன்னார்வலர்களைக் கேட்டு நோரா எழுதினார். ஆசிரியர்கள், பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஒட்டிய பூச்சிகள் எங்கெங்கே கிடைத்தன என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால் கோடு டெக்சாஸ் தாண்டி மெக்சிகோ பக்கம் போனது.

நோரா மெக்சிகோ பத்திரிகைகளுக்கும் எழுதிப் போட்டார். கென் ப்ரக்கர் என்ற அமெரிக்கர் உதவ முன்வந்தார். அவரும் கத்தலீனாவும் ஊர் ஊராக விசாரித்து அலைந்து, 1975 ஜனவரி 2ஆம் தேதி செர்ரோ பெலோன் மலையில் அந்தக் காட்டுக்குள் போய் நின்றார்கள். சுமார் 3,000 மீட்டர் உயரம். ஒயாமெல் என்ற தேவதாரு வகை மரங்கள். அடிமரம் முதல் கிளை நுனி வரை பட்டாம்பூச்சி.

அடுத்த வருஷம் அர்குஹார்ட் தம்பதியே மலையேறிப் போனார்கள். பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழ, சிதறிய பூச்சிகளுக்கு நடுவில் ஒன்றின் இறக்கையில் வெள்ளைச் சீட்டு! முந்தைய ஆகஸ்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சாஸ்கா என்ற ஊரில், ஒரு ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஒட்டியது. அதாவது, வடக்கே திரிகிறதும் இங்கே தொங்குகிறதும் ஒரே பூச்சி என்பதற்கு நேரடி அத்தாட்சி, பள்ளிப் பையன்கள் கை வைத்த ஒரு காகிதத் துண்டு.

சரி, அந்த மலையடிவாரத்துப் பள்ளிப் பிள்ளைகள்?

அவர்களுக்கு இது புதுசே இல்லை. மசாவா, ஒத்தோமி பழங்குடியினரும் மற்ற குடியானவர்களும் வாழும் ஊர்கள் அவை. வருஷா வருஷம் நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நாளை ஒட்டி, பூச்சிகள் வந்து சேரும். செத்துப்போனவர்களின் ஆன்மாக்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதாக அங்கே ஒரு நம்பிக்கை. எந்த மலை, எந்த மடிப்பு, எந்த மாதம் திரும்பும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். கோந்தெபெக் என்ற ஊரில் 1940இல் பிறந்த கவிஞர் ஒமேரோ அரித்ஹிஸ், ஊருக்கு மேலிருந்த அல்தமிரானோ மலையில் அவற்றைப் பார்த்தே வளர்ந்தவர். தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: இவை எங்கிருந்து வருகின்றன? வடக்கே இருந்தவர்களுக்கோ எங்கே போகின்றன என்று தெரியவில்லை. இவர்களிடம் ஒரு பாதி, அவர்களிடம் ஒரு பாதி. இரண்டும் சேர்ந்ததற்குப் பேர்தான் 1975இன் "கண்டுபிடிப்பு" என்று எனக்குத் தோன்றுகிறது.

சேர்ந்ததும் என்ன ஆச்சு? சட்டம் வந்தது. 1986இல் அரசாணை ஐந்து மலைப் பகுதிகளில் சுமார் 16,000 ஹெக்டேரைப் பாதுகாப்பில் கொண்டுவந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அரித்ஹிஸ் முக்கியமானவர். ஆனால் அந்தக் காட்டில் பெரும்பகுதி யாருடையது? புரட்சிக்குப் பிந்தைய நிலச் சீர்திருத்தத்தில் ஊராருக்குப் பொதுவாகக் கிடைத்த எஹீதோ நிலம். விறகும் மரமும் அவர்களுக்குச் சோறு. மையப் பகுதியில் கோடாரி வைக்கக்கூடாது என்ற உத்தரவு வந்தது, ஈடாகப் போதுமான எதுவும் வரவில்லை. கோபத்தில் வெட்டியவர்களும் உண்டு. 2000இல் காப்பகம் 56,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்தபோதுதான், வெட்டாமல் விட்டதற்கு ஊராருக்குப் பணம் தர ஒரு நிதியம் ஏற்பாடானது.

இந்தப் பின்னணியில் ஒரு வாத்தியார் வகுப்புக்குள் நுழைவதை யோசித்துப் பாருங்கள். "மரத்தை வெட்டாதே" என்று சொன்னால், எதிரே இருக்கும் பிள்ளைக்கு அது அப்பாவைத் திட்டுகிற மாதிரிதானே கேட்கும்?

அதனால் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லிங்கன் ப்ரோவர் என்ற ஆய்வாளர் இந்தக் காட்டைக் குடை என்றும் போர்வை என்றும் விளக்கினார். நெருக்கமான கிளைகள் மழையைத் தடுக்கும், உள்ளே இருக்கும் வெப்பத்தையும் வெளியே விடாது. நனைந்த பூச்சி உலர்ந்த பூச்சியைவிடச் சீக்கிரம் உறைந்து சாகும். பத்து மரம் வெட்டினால் பத்து மரம் மட்டும் போவதில்லை, போர்வையில் ஓட்டை விழுகிறது. 2002 ஜனவரியில் மழை கொட்டி, பின்னாலேயே கடுங்குளிர் வந்தபோது, இரண்டு பெரிய கூட்டங்களில் முக்கால்வாசி செத்து விழுந்தன. இன்னொரு காரணம் தண்ணீர். மலைக்காடு பிடித்து வைக்கும் மழைதான் ஊர் ஊற்று. இங்கிருந்து போகும் நீர் மெக்சிகோ நகரம் வரைக்கும் போகிறது. பட்டாம்பூச்சிக்காக என்று சொன்னால் தலையாட்டுகிற பிள்ளை, குடிதண்ணீர் என்றால் நிமிர்ந்து உட்காரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, 1990களில் ஜர்னி நார்த் என்ற கல்வித் திட்டம் தொடங்கிய காகித வலசை. இலையுதிர் காலத்தில் அமெரிக்க, கனடா பிள்ளைகள் காகிதத்தில் பட்டாம்பூச்சி வெட்டி, சேதி எழுதி தெற்கே அனுப்புகிறார்கள். காப்பகத்தைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளுக்கு அவை பிரித்துக் கொடுக்கப்படுகின்றன, கூடவே காட்டைப் பற்றிய பாடமும். வசந்த காலத்தில் காகிதப் பூச்சிகள் வடக்கே திரும்பும், ஆனால் அனுப்பியவர் கைக்கே அல்ல, வேறு பிள்ளைகளுக்கு. இதில் ஒரு உயிரியல் பாடமும் ஒளிந்திருக்கிறது. தெற்கே வரும் தலைமுறை எட்டு மாதம்போல வாழும். வசந்தத்தில் வடக்கு நோக்கிக் கிளம்பி, வழியிலேயே முட்டையிட்டுச் செத்துப்போகும். அடுத்தடுத்த தலைமுறைகள் சில வாரங்களே. அடுத்த நவம்பரில் இந்தக் காட்டுக்கு வருவது கொள்ளுப்பேரப் பிள்ளைகள், வழி சொல்ல ஒருவரும் இல்லாமல்.

இந்தப் பாடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மலைப் பிள்ளைகளுக்கு அநியாயம். 1996-97 குளிர்காலத்தில் பூச்சிகள் சுமார் 18 ஹெக்டேர் காட்டை நிறைத்திருந்தன. 2013-14இல் 0.67 ஹெக்டேர். 2023-24இல் 0.9, அடுத்த வருஷம் 1.79. இந்தச் சரிவுக்கு மரம் வெட்டியது மட்டும் காரணமில்லை. மொனார்க் புழுவுக்கு உணவு, நம்மூர் எருக்கஞ்செடிக்குச் சொந்தக்காரச் செடிகள்தான். அமெரிக்கச் சோள, சோயா வயல்களில் களைக்கொல்லி அவற்றை அழித்துவிட்டது. பருவநிலை மாற்றமும் சேர்ந்துகொண்டது. ஆக, கோடாரியைக் கீழே வைக்கச் சொல்லும் பாடம் மிச்சோவகானில் நடந்தால், களைக்கொல்லியைக் கேள்வி கேட்கும் பாடம் அயோவாவில் நடக்க வேண்டும்.

கோடாரியைக் கீழே வைத்தவர்களில் ஒருவர் ஒமேரோ கோமெஸ். மரவெட்டுத் தொழிலில் இருந்தவர், பிறகு எல் ரொசாரியோ சரணாலயத்தின் காவலராகி, தலைமேலும் தோள்மேலும் பூச்சிகள் பறக்க வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். 2020 ஜனவரியில் காணாமல் போனார். இரண்டு வாரம் கழித்துச் சடலமாகக் கிடைத்தார்.

அவ்வளவு விலை கொடுத்த ஊர்க்காரர்களிடம், "உங்கள் ஊரில் ஒரு அதிசயத்தை நாங்கள் கண்டுபிடித்தோம்" என்று பாடத்தை ஆரம்பிக்க முடியாது. "உங்கள் தாத்தா பாட்டிக்கு ஏற்கெனவே தெரிந்த பாதி இது, சாஸ்காவில் ரெண்டு பையன்கள் ஒட்டி அனுப்பிய பாதி இது" என்று ஆரம்பித்தால் வகுப்பு கேட்கும்.