குரங்கு மட்டும்தானா? கேம் க்ராஷ் ஆவதற்கும் ஒரு வரலாறு இருக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொன்றரை இருக்கும். கிராண்ட்பாஸில் எங்கட அறையில் நாலு பேர் ஒரு கேமின் நடுவில் இருந்தம். திடீரென்று ஸ்க்ரீன் கறுப்பாகிட்டுது. "ஐயோ, திரும்பவும் க்ராஷ்!" என்று ஒருத்தன் கத்தினான். ஃபேனும் நின்ற பிறகுதான் விளங்கியது, போனது கேம் இல்லை, முழு நாட்டுக்கும் கரண்ட் போயிட்டுது என்று. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நாடே சிரிச்சது.

பிறகு மின்சார சபையிடமிருந்தே இன்னொரு விளக்கம் வந்தது. ஞாயிறு என்பதால் மின் பாவனை குறைவு. நல்ல வெயில், அதனால் சூரிய மின்சாரத்தின் பங்கு கூட. அந்த நேரத்தில் ஒரு அதிர்ச்சியைத் தாங்குற பலம் மின்கட்டமைப்புக்குக் குறைவாக இருந்திருக்கு. அதாவது, எது தட்டியது என்பது ஒரு கேள்வி. தட்டினதும் ஏன் விழுந்தது என்பது வேற கேள்வி. கேம் க்ராஷ் ஆகும்போது நாங்கள் எல்லாரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். கடந்த முப்பது வருசக் கதையைப் பார்த்தால், அதுக்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை.

90களின் தொடக்கத்தில் கேம்கள் டொஸ்ஸில் ஓடின. 640 கிலோபைட் என்ற எல்லைக்குள்ளே மெமரியை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். சவுண்ட் காட் எந்த ஐ.ஆர்.கியூ எண்ணில் இருக்கு என்று விளையாடுறவரே சொல்ல வேண்டும். ஒரு வரி பிழைச்சால் கேம் திறக்காது. பிழை யாருடையது என்ற கேள்வியே அப்போது இல்லை. உன்னுடையதுதான், நீயே திருத்திக்கொள்.

1994 கிறிஸ்மஸுக்கு டிஸ்னி 'லயன் கிங்' கதையை விண்டோஸ் 3.1க்கான சிறுவர் கேமாக வெளியிட்டது. அது மைக்ரோசொஃப்ட்டின் வின்ஜி என்ற மென்பொருளை நம்பி நின்றது. அதே பண்டிகைக்குக் கடைகளில் வந்திருந்த கொம்பாக் பிரிசாரியோ கணினிகளின் கிராஃபிக்ஸ் ட்ரைவர், வின்ஜியோடு சேர்த்துச் சோதிக்கப்படவில்லை. பரிசுப் பொதியைப் பிரிச்ச பிள்ளைகளுக்கு முன்னால் கணினிகள் வரிசையாக விழுந்தன. டிஸ்னியின் பிழையா, மைக்ரோசொஃப்ட்டின் பிழையா, கொம்பாக்கின் பிழையா? மூன்றுக்கும் இடையில் ஒருத்தரும் பொறுப்பெடுக்காத ஓர் இடைவெளி இருந்தது. அந்த அவமானமும் சேர்ந்துதான் 1995 செப்டெம்பரில் டைரக்ட்எக்ஸ் வந்தது. கேமுக்கும் ஹார்ட்வெயாருக்கும் நடுவில் ஒரு பொதுவான ஒப்பந்தம் என்று அதைச் சொல்லலாம்.

ஒப்பந்தம் வந்தும் பிரச்சினை முடியவில்லை. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. எல்லாரும் விஸ்டாவைத் திட்டினார்கள். பிறகு ஒரு வழக்கில் மைக்ரோசொஃப்ட்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007இல் பதிவான விஸ்டா க்ராஷ்களில் ஏறத்தாழ 29 சதவீதத்துக்குக் காரணம் என்விடியாவின் ட்ரைவர்கள். மைக்ரோசொஃப்ட்டின் சொந்தக் குறியீட்டின் பங்கு ஏறத்தாழ 18 சதவீதம். திட்டு வாங்கினது ஒருத்தர், கூடப் பிழைவிட்டது இன்னொருத்தர். அதே விஸ்டாதான் ஒரு நல்ல பழக்கத்தையும் கொண்டுவந்தது. கிராஃபிக்ஸ் காட் 2 செக்கன் பதில் சொல்லாவிட்டால், முழுக் கணினியும் விழாமல் ட்ரைவரை மட்டும் விண்டோஸ் திரும்பத் தொடங்கும். இன்றைக்கும் ஸ்க்ரீன் ஒருக்கா கறுப்பாகித் திரும்பி வருகிறதென்றால், பெரும்பாலும் நடப்பது அதுதான்.

எங்கட தலைமுறையின் பெரிய கதை 2024இல் நடந்தது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ப்ரொசெசர்களில், முக்கியமாக விலை கூடினவற்றில், கேம்கள் தொடங்கும்போதே விழுந்தன. ஸ்க்ரீனில் வந்த செய்தி, 'வீடியோ மெமரி போதாது.' அதை வாசிக்கிற யாரும் கிராஃபிக்ஸ் காட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். என்விடியாவோ ஏப்ரலில், இன்டெலிடம் போய்க் கேளுங்கள் என்றது. இன்டெல் முதலில் மதர்போர்ட் கம்பனிகளின் செட்டிங்ஸைக் காட்டியது. ஜூலையில்தான், ப்ரொசெசரின் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று ஒத்துக்கொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் 2 வருசம் நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது. அதுவரை கிராஃபிக்ஸ் காட்டை மாத்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் காசை யார் கொடுப்பது?

இதைக் கிராண்ட்பாஸில் இருந்து பார்த்தால் கணக்கு இன்னும் இறுக்கம். எங்களுக்குக் கிட்டத்தான் களனிதிஸ்ஸ மின் நிலையம். 2022இல் அதன் இயந்திரங்களும் எரிபொருள் இல்லாமல் நின்றன. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. கணினியின் ஒவ்வொரு உதிரிப்பாகமும் டொலரில்தான் வருகிறது. அதுக்குப் பிறகு இங்கே ஒரு பாகத்தைப் பிழையாக மாத்துவது என்றால் பல மாதச் சேமிப்பு போகும்.

எங்கட கணினி இரண்டாம் கை. இரண்டு பேர் டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசு. கேம் லோட் ஆகும்போதே மூடிக்கொண்டது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கேர்னல்-பவர் 41' வரிசையாக நிற்குது. பவர் சப்ளை போயிட்டுது என்று முடிவே கட்டினம். பிறகுதான் வாசித்தோம், அந்த எண்ணுக்கு அப்படி ஒரு அர்த்தமே இல்லை. கணினி ஒழுங்காக மூடப்படாமல் திரும்ப எழும்பியது என்று மட்டும்தான் அது சொல்லும். கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் அதே வரிதான் விழுந்திருக்கு.

கடையில் காட்டினம். ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, "தம்பி, கிராஃபிக்ஸ் காட் போயிட்டுது, மாத்தணும்" என்றார்கள். காசு இருந்திருந்தால் அன்றைக்கே மாத்தியிருப்பம். இல்லாததால் யோசிச்சம். காட்டைக் கழற்றி நண்பன் ஒருத்தனின் கணினியில் போட்டம். மூன்று மணித்தியாலம் அதே கேம், ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு மெம்டெஸ்ட்86ஐ பென் ட்ரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டம். விடியப் பார்த்தால் ஸ்க்ரீன் நிறையச் சிவப்பு வரிகள். இரண்டு ராம்களில் ஒன்று பழுது. அதைக் கழற்றினம். கேம் கொஞ்சம் மெதுவாக ஓடுது, ஆனால் விழவில்லை.

கடைக்காரர் ஏமாத்தினார் என்று நாங்கள் சொல்லவரவில்லை. க்ராஷ் ஆனால் கிராஃபிக்ஸ் காட் என்பது அவருக்கும் பழகின பதில். 2024இல் பெரிய கம்பனிகளுக்கே சரியான பதில் கிடைக்க மாதக்கணக்கு எடுத்தது. ஆனால் கம்பனிக்குப் பிழைச்சால் ஒரு அறிக்கையோடு முடியும், எங்களுக்குப் பிழைச்சால் கைக்காசு போகும். அதனால் சோதிக்கிற வேலையை நாங்களே படிக்க வேண்டியிருக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்துங்கள். இரண்டை மாத்தினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது. ட்ரைவர், ராம், சூடு என்று காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள். ஒரு பாகத்தை வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதியுங்கள். எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வையுங்கள்.

நாங்களும் ஒரு கொப்பி போட்டோம். அதன் முதல் வரி: 'பெப்ரவரி 9, காலை 11.30. கரண்ட் கட். எங்கட பிழை இல்லை.'