நான் யார்? – உபநிடதம் எழுப்பிய கேள்வி



நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு கேள்வியோடு இன்றைய உரையைத் தொடங்குகிறேன். தோட்டத்திற்குப் புதிதாக ஒருவர் வந்தால், "நீ யாரப்பா?" என்று கேட்கிறோம். அவரும் பதில் சொல்கிறார். இன்னார் மகன், இன்ன தோட்டத்திலிருந்து வருகிறேன், பால்வெட்டுத் தெரியும், இன்னாருக்கு மருமகன் என்கிறார். நமக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். தகப்பன் பெயர் தகப்பனுடையது. தோட்டம் வேறு யாருடையதோ. வேலை இன்று இருக்கும், நாளை மாறும். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் மிஞ்சி நிற்கிற அந்த ஆள் யார்?

இந்தக் கேள்வி ஒரு நாள் என் மேசைக்கு முன்னாலேயே வந்து நின்றது. அன்று நான் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அதை உரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கேள்வியின் வரலாற்றைக் காண்போம்.

ஏறக்குறைய 2,600 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவில் குரு, பாஞ்சாலம், விதேகம் என்னும் நாடுகள் இருந்தன. கங்கை, யமுனை நதிகளை ஒட்டிய குரு பாஞ்சால நாடுகளில் தொடங்கி, இன்றைய பீகாரின் வட பகுதியான விதேகம் வரை மக்கள் காடு திருத்திப் பயிர் செய்தார்கள். மன்னர்கள் பெரிய வேள்விகளை நடத்தினார்கள். வேள்வி செய்தால் மழை பெய்யும், செல்வம் பெருகும், மறுமையில் சுவர்க்கம் கிடைக்கும் என்று நம்பினார்கள். அந்தக் காலத்தில்தான் சிலர் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினார்கள். சுவர்க்கம் போவது யார்? உடம்பு இங்கேயே எரிந்து சாம்பலாகிறதே, போகிறது எது? கண்ணால் பார்க்கிறோம், காதால் கேட்கிறோம். கண்ணுக்குப் பின்னால் இருந்து பார்க்கிறவன் யார்?

இப்படிக் கேட்டவர்களின் உரையாடல்களே உபநிடதங்கள். அச்சொல்லுக்கு அருகில் அமர்தல் என்று பொதுவாகப் பொருள் கூறுவார்கள். ஆசிரியரின் அருகில் அமர்ந்து கேட்டறிந்தவை அவை. வேதத்தின் முடிவில் வைத்து எண்ணப்படுவதால் வேதாந்தம் என்றும் பெயர் பெற்றன. நெடுங்காலம் ஏட்டில் எழுதாமல், வாய்மொழியாகவே மனப்பாடம் செய்து காத்தார்கள். உபநிடதங்கள் 108 என்று ஒரு கணக்கு உண்டு. அவற்றுள் மிகப் பழையவை பிருகதாரணியகமும் சாந்தோக்கியமும் ஆகும். இவை கி.மு. 7, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

சாந்தோக்கியத்தில் ஒரு பையனின் கதை வருகிறது. அவன் பெயர் சத்தியகாமன். அவன் தாய் ஜபாலை பல வீடுகளில் பணி செய்து பிழைத்தவள். பையனுக்குப் படிக்க ஆசை. அந்நாளில் ஆசிரியரிடம் சேர வேண்டுமானால் குலமும் கோத்திரமும் சொல்ல வேண்டும். அவன் தாயிடம் போய், நம் கோத்திரம் என்ன என்று கேட்டான். அவள் ஒளிக்கவில்லை. இளமையில் பல இடங்களில் வேலை செய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயர் ஜபாலை, உன் பெயர் சத்தியகாமன், ஆகையால் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்றாள்.

பையன் கௌதமர் என்னும் ஆசிரியரிடம் போனான். இவர் புத்தர் பெருமான் அல்லர். அதே பெயருடைய வேறொருவர். அவர் கோத்திரம் கேட்டார். தாய் சொன்னதை ஓர் எழுத்துக் கூட மாற்றாமல் அப்படியே சொன்னான் பையன். பொய் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அவன் சொல்லவில்லை. உண்மையிலிருந்து விலகாத நீயே அந்தணன், போய்ச் சமித்து கொண்டு வா, உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் ஆசிரியர். மெலிந்த மாடுகள் 400 கொடுத்து மேய்க்க அனுப்பினார். ஆயிரம் ஆகாமல் திரும்பமாட்டேன் என்று போனான் அவன். காட்டிலே ஒரு காளையும், நெருப்பும், அன்னமும், நீர்ப்பறவையும் அவனுக்குப் பரம்பொருளைப் பற்றிப் பாடம் சொல்லின என்கிறது கதை. திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே, அறிந்தவன் போல் விளங்குகிறாயே என்றார் ஆசிரியர். மாடு மேய்க்கும் இடத்திலும் மெய்ஞ்ஞானம் கிடைக்கும் என்று சொன்ன நூல் அது.

சரி, அந்த ஆசிரியர்கள் கண்ட முடிவு என்ன? அதையும் கதையாகவே சொல்கிறார்கள்.

உத்தாலகர் என்பவருக்குச் சுவேதகேது என்று ஒரு மகன். பன்னிரண்டு வயதில் படிக்கப் போய், இருபத்து நான்கு வயதில் எல்லா வேதமும் ஓதித் திரும்பினான். கூடவே கர்வமும் வந்தது. தந்தை அவனைப் பதினைந்து நாள் உண்ணாமல் இருக்கச் சொன்னார். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பதினாறாம் நாள் வேதம் ஓதச் சொன்னார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்றார். சாப்பிட்டதும் எல்லாம் திரும்பி வந்தன. பெரிய நெருப்பில் மின்மினி அளவு தணல் மிஞ்சினால் அது எதை எரிக்கும்? வைக்கோல் போட்டு மூட்டினால் மறுபடி எரியும். மனமும் அப்படியே, அன்னத்தால் ஆனது என்று விளக்கினார். ஆன்மாவைப் பற்றிப் பேச வந்தவர் முதலில் வயிற்றைப் பற்றிப் பேசினார். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏன் நிற்பதில்லை என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

அப்படியானால் மனம்தான் நானா? அன்னம் குறைந்தால் குறைகிற மனம் எப்படி நிலையான நானாக இருக்க முடியும்? அதற்கு அடுத்த பாடம். தண்ணீரில் உப்பைப் போட்டுவிட்டுக் காலையில் வரச் சொன்னார் தந்தை. மறுநாள் அந்த உப்பை எடுத்துக் கொடு என்றார். தேடினால் அகப்படவில்லை. மேலே குடித்துப் பார், நடுவில் குடித்துப் பார், அடியில் குடித்துப் பார் என்றார். எங்கும் உப்புக் கரித்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கும் நிறைந்திருக்கும் உப்பைப் போல, உலகெங்கும் ஒரே உள்பொருள் நிறைந்திருக்கிறது; அந்தப் பொருளே நீயும் என்று மகனுக்கு ஒன்பது முறை திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தப் பெரும்பொருளுக்குப் பிரம்மம் என்று பெயர். உள்ளே இருக்கும் நானுக்கு ஆன்மா என்று பெயர். இரண்டும் வேறல்ல என்பதே அவர் காட்டிய முடிவு.

விதேக நாட்டு மன்னர் ஜனகர் யாக்ஞவல்கியரிடம் வேறொரு விதமாகக் கேட்டார். மனிதனுக்கு எது வெளிச்சம்? சூரியன் என்றார் முனிவர். சூரியன் மறைந்தால்? சந்திரன். அதுவும் மறைந்தால்? நெருப்பு. நெருப்பும் அணைந்தால்? குரல். இருட்டில் கையே தெரியாதபோதும், ஒரு குரல் வருகிற பக்கம் நோக்கி நடக்கிறோம் அல்லவா? குரலும் அடங்கினால்? அப்போது ஆன்மாவே வெளிச்சம் என்றார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவர்களுக்கு இந்த உரையாடல் எளிதில் விளங்கும். விளக்கு மரத்தைக் காட்டுகிறது. விளக்கு எரிகிறது என்று அறிவது எது? அதைத்தான் உணர்வு என்கிறோம்.

அதே உரையாடலில் யாக்ஞவல்கியர் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். விழித்திருக்கும்போது ஓர் உலகம், கனவில் ஓர் உலகம், கனவும் இல்லாத ஆழ்ந்த தூக்கம் ஒன்று. அந்தத் தூக்கத்தில் தந்தை தந்தையல்லன், தாய் தாயல்லள், திருடன் திருடனல்லன், சண்டாளன் என்று ஊர் ஒதுக்கியவனும் சண்டாளனல்லன் என்கிறார். பட்டமும் பழியும் சாதியும் சட்டையைப் போலக் கழன்றுவிடுகின்றன. அவையெல்லாம் மேலே போர்த்தியவை என்றால், உள்ளே இருப்பவனுக்கு என்ன சாதி?

இதைக் கேட்டவர்களும் விவாதித்தவர்களும் ஆண்கள் மட்டும் அல்லர். ஜனகர் அவையில் யாக்ஞவல்கியரைத் துணிந்து இருமுறை கேள்வி கேட்டவர் கார்க்கி என்னும் பெண்மணி. யாக்ஞவல்கியர் வீடு துறந்து போகும்போது, உலகத்துச் செல்வமெல்லாம் கிடைத்தாலும் அதனால் சாவில்லாத நிலை கிடைக்குமா என்று கேட்டவர் அவருடைய மனைவி மைத்திரேயி.

நேயர்களே, இந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்றார் புத்தர். கேரளத்துக் காலடியில் பிறந்த சங்கரர், 8-ஆம் நூற்றாண்டில், ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்று உரை எழுதினார். ஸ்ரீபெரும்பூதூரில் பிறந்த இராமானுசர், உயிர்கள் இறைவனுக்கு உடம்பு போன்றவை என்றார். உடுப்பிப் பக்கத்து மத்துவர், உயிர் வேறு இறைவன் வேறு என்றார். தமிழில் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளி, பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை என்றார். கேள்வி ஒன்று, விடைகள் பல. விடை வேறுபட்டவர்களும் ஒரே உபநிடதத்தைப் படித்தே வாதிட்டார்கள் என்பது நம் மரபுக்குப் பெருமை.

ஆனால் வரலாறு சொல்லுகிறவன் பெருமையை மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது. எல்லோருக்குள்ளும் ஒரே பொருள் என்ற அந்தக் கல்வியே பின்னாளில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. உபநிடதங்களின் கருத்தைத் தொகுத்த பிரம்ம சூத்திரத்தில், சூத்திரர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கு வேதக் கல்வி இல்லை என்று விளக்கப்பட்ட ஒரு பகுதி இருக்கிறது. சங்கரரும் அப்படியே உரை எழுதினார். பக்தி வழியை எல்லோருக்கும் திறந்தவர் என்று போற்றப்படும் இராமானுசரின் உரையும் இந்த இடத்தில் அதே முடிவுக்கு வந்தது. சத்தியகாமன் கதையைக் கூட, உண்மை பேசியதால் அவன் பிறப்பிலேயே சூத்திரன் அல்லன் என்று தெரிந்தது, அதனால்தான் சேர்த்தார்கள் என்று பொருள் செய்தார்கள். பெண்களுக்கும் வேதக் கல்வி மறுக்கப்பட்டது. ஜபாலையின் மகனுக்குத் திறந்த கதவு, அவனைப் போன்ற மற்றவர்களுக்கு அடைக்கப்பட்டது.

அடைத்த கதவு பிறகு மெல்ல மெல்லத் திறந்தது. 1657-இல் மொகலாய மன்னர் ஷாஜகானின் மகன் தாரா ஷுக்கோ, காசிப் பண்டிதர்களின் துணையோடு ஏறக்குறைய ஐம்பது உபநிடதங்களைப் பாரசீக மொழியில் ஆக்கினார். அதிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஒருவர் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பு 1801, 1802-ஆம் ஆண்டுகளில் அச்சாகி ஐரோப்பாவை எட்டியது. 1816-இல் ராஜாராம் மோகன்ராய் உபநிடதங்களை வங்காளியில் வெளியிடத் தொடங்கினார். தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த ஈழவர் சமூகத்தில் பிறந்த ஸ்ரீநாராயண குரு, 1888-இல் அருவிப்புறத்தில் தம் கையாலேயே சிவனை நிறுவினார். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மா என்றால், தீண்டத்தகாதவன் எங்கிருந்து வந்தான் என்பதே அவருடைய வாழ்க்கை கேட்ட கேள்வி. ஆன்மாவைப் பற்றி அவரே மலையாளத்தில் நூறு பாடல்கள் இயற்றினார்.

இனி என் மேசைக்கு வருகிறேன்.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிது. ஒரு தோட்டப் பள்ளியில் முதலாம் வகுப்பிற்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். ஓர் அம்மா ஏழு வயதுப் பையனோடு வந்து நின்றார். பிறப்புப் பத்திரம் இல்லை. தகப்பனார் பெயர் என்னவென்று கேட்டேன். பதில் இல்லை. குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எம் பேர எழுதிக்குங்க ஐயா," என்றார் அந்த அம்மா. அப்படியெல்லாம் எழுத முடியாது, பத்திரத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். பையன் தோளில் புதுப்பை மாட்டியிருந்தான். அதோடேயே திரும்பிப் போனான்.

மறுநாள் தலைமையாசிரியருக்குச் செய்தி எட்டியது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, பத்திரத்துக்காக அலைய வேண்டிய இடங்களுக்கு அந்த அம்மாவோடு தாமே போய் வந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம், "தம்பி, சத்தியகாமன் கதை படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். படித்திருந்தேன். கல்லூரித் தேர்வில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

கதையில் வரும் கௌதமர் கோத்திரத்தைக் கேட்டார், பையனைப் பார்த்தார். நான் பத்திரத்தைக் கேட்டேன், பையனைப் பார்க்கவில்லை. பத்திரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாட்டில் வாழப் பத்திரம் வேண்டும், பெற்றோர்கள் பிள்ளை பிறந்தவுடனே பதிந்துவிட வேண்டும். ஆனால் தாளில் எழுதியது மட்டும் அந்தப் பிள்ளை அல்லன். அது 2,600 ஆண்டுகளுக்கு முன்னமே சொல்லப்பட்ட பாடம்.

இன்று இரவு உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குவளைத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கொடுத்து, அந்த உப்பை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஜபாலையின் கதையைச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளைகளுள் ஒருவன், "அப்ப நான் யாரும்மா?" என்று கேட்பான். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அவன் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.