பரவாயில்லை

வலங்கைமான் பக்கம் குறுவை கண்டுமுதல் எப்படி என்று கேட்டால், களம் நிறைந்திருந்தாலும் "ஏதோ, பரவாயில்லை" என்பார்கள். கண்ணேறு பயம் பாதி. கைமாற்று கேட்டுவிடுவார்களோ என்பது மீதி. 'பர்வா' பாரசீகச் சொல். கவலை, அக்கறை என்று பொருள். கவலையில்லை என்பதே நம்மிடம் 'நன்று' ஆகிவிட்டது. உள்ளதைக் குறைத்துச் சொல்லும் இதைக் குறைநவிற்சி எனலாம், உயர்வு நவிற்சிக்கு எதிர்முனை. நவிலுதல் என்றால் சொல்லுதல். 'மோசமில்லை' என்று பாராட்டுவது ஆங்கிலேயருக்கும் கைவந்த கலை. அவர்கள் மொழியில் கரைகண்ட 'வெள்ளிநாக்கு' வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்த வலங்கைமானுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தொனிதான் முக்கியம். சம்பந்தி வீட்டுச் சாம்பாரை 'பரவாயில்லை' என்று இழுத்துச் சொன்னால் வம்புதான்.