ஒரு கோழியும் ரோல்ஸ் ராய்ஸும்

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் பலருக்கும் கார்தான் ஞாபகம் வரும். ஆனால் 1971 பிப்ரவரி 4-ம் தேதி அந்த நிறுவனம் திவாலாகி ரிசீவர் கைக்குப் போனதற்குக் காரணம் கார் அல்ல, ஒரு விமான எஞ்சின்! அந்தக் கதையில் கார்பன் இழைக்கும் ஒரு பங்கு உண்டு.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில், வலுவான கார்பன் இழை தயாரிக்கும் முறை உருவானது. எஃகுக்கு நிகரான விறைப்பு, அலுமினியத்தை விடக் குறைந்த எடை. விமானத் துறைக்கு வேறென்ன வேண்டும்?

1968-ல் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் தன் டிரைஸ்டார் விமானத்துக்கு ரோல்ஸ் ராய்ஸின் ஆர்.பி.211 எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது. விலை முன்பே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. எஞ்சினின் முன்புற விசிறி இதழ்களை 'ஹைஃபில்' எனப்பட்ட கார்பன் இழைக் கலவையில் செய்வதாகத் திட்டம்.

பறக்கும்போது எஞ்சினுக்குள் பறவை புகுந்தால் என்ன ஆகும்? 1970 மே மாதம் ஒரு கோழியை அதிவேகத்தில் விசிறிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். மற்ற சோதனைகளில் தேறியிருந்த விசிறி துண்டு துண்டாகச் சிதறியது.

ஏன்? இந்தக் கலவையில் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். இழை ஓடும் திசையில் இழுத்தால் அபாரமாகத் தாங்கும். ஆனால் ஓர் அடுக்கை அடுத்த அடுக்கோடு பிடித்து வைத்திருப்பது பிசின் மட்டுமே. பக்கவாட்டில் அடி விழுந்தால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவப் பார்க்கும். பிசினில் விரிசல் ஓடி, அடுக்குகள் பிரிந்துவிடும். விறகைக் குறுக்கே ஒடிப்பது கஷ்டம், நார் போகும் திசையில் பிளப்பது சுலபம் அல்லவா? அதே கதைதான். மேலும், உலோகம் முதலில் நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும். கார்பன் இழை அப்படி நெளியாது. எல்லை வரை தாங்கும், பிறகு சட்டென்று முறியும்.

நல்லவேளையாக டைட்டானியம் இதழ்களையும் இணையாக உருவாக்கி வந்தார்கள். ஆனால் அதில் எடையும் செலவும் கூடுதல். 1970 செப்டம்பரில் எஞ்சினின் மொத்த உருவாக்கச் செலவு 17 கோடி பவுண்டைத் தாண்டியது. இது முதலில் போட்ட கணக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. விற்கும் விலையோ மாறவில்லை. ஆகவே பழி முழுவதையும் கோழி மேல் போட முடியாது!

பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசு, தனியார்மயத்தை விரும்பிய கட்சியின் அரசாக இருந்தும், நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது. லாக்ஹீடைக் காப்பாற்ற 25 கோடி டாலர் கடன் உத்தரவாதம் அமெரிக்க செனட்டில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. டிரைஸ்டார் 1972-ல் டைட்டானியம் இதழ்களோடு சேவைக்கு வந்தது.

கார்பன் இழை தோற்றுப்போய்விடவில்லை. 1995-ல் போயிங் 777 விமானத்தில் சேவைக்கு வந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜி.இ.90 எஞ்சினில் விசிறி இதழ்கள் கார்பன் இழையால் ஆனவை. பறவை மோதும் முன் விளிம்பில் மட்டும் டைட்டானியம் கவசம். பொருள் எங்கே பலவீனம் என்று தெரிந்த பிறகு செய்த எஞ்சின் அது. ரோல்ஸ் ராய்ஸ் அதைத் தெரிந்துகொண்டது, விலைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு.