காயத்தின் கணக்கு

சாங்கி முனையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு ஜோகூர் நீரிணையின் வாயில் தெரியும். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் மாலை, செம்பவாங் கடற்படைத் தளத்தை விட்டுப் புறப்பட்ட 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களும் இவ்வாயில் வழியாகவே சென்றன. 10-ஆம் நாள் பிற்பகல் ஒன்றரை மணிக்குள் இரண்டும் குவாந்தானுக்கு அப்பால் கடலடியைச் சேர்ந்தன. 840 பேர் மாண்டனர். விதி என்றனர் சிலர். விதியன்று, அதற்குக் கணக்கு உண்டு.

'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலின் முடிவை நோக்குங்கள். ஜப்பானிய விமானங்கள் எறிந்த டார்பிடோக்களுள் முதலாவது, கப்பலின் இடப்புறத்து வெளி விசிறித்தண்டின் அருகே பட்டது. சுழன்றுகொண்டிருந்த தண்டு வளைந்து, தான் ஊடுருவிச் செல்லும் சுவர்களைக் கிழித்தது. கிழிந்த வழியே வெள்ளம் புகுந்தது. பின்பாதியில் மின்சாரம் அற்றது. விமானங்களைச் சுடும் பீரங்கிகளுள் பல அசையாது நின்றன. மணிக்கு 25 கடல்மைல் ஓடிய கப்பல் 16 கடல்மைலுக்கு இறங்கிற்று. அடுத்த அடிகள் யாவும் முடமான கப்பலின்மேல் விழுந்தவையே. ஆகவே, ஓரடியைப் போல் நான்கு மடங்கே நான்கு அடி என்று கூட்டுவது பிழையாகும்.

நம் சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் இந்தக் கவலை இல்லை. காய் முழுதாய் நிற்கும். அன்றேல் வெட்டுண்டு விலகும். காயம்பட்ட காய் என்பதே கிடையாது. காயத்தை ஆட்டத்தில் எண்ண முற்பட்டவர் கடற்போர் விளையாட்டுக்காரர். ஆங்கிலேயரான பிரெட் ஜேன் 1898-இல் வெளியிட்ட ஆட்டத்தில், கப்பலின் படத்தில் எவ்விடத்தில் அடி பட்டதோ அவ்விடத்துக்குரிய சேதம் குறிக்கப்பட்டது. அமெரிக்கரான பிளெட்சர் பிராட் 1940-இல் நூலாக வெளியிட்ட ஆட்டத்திலோ, ஒவ்வொரு கப்பலுக்கும் புள்ளிகள் உண்டு. புள்ளி குறையக் குறைய வேகமும் பீரங்கியும் குறையும்.

இக்கணக்கு கப்பலிலிருந்து மனிதனுக்கு வந்த கதை விந்தையானது. 1971-இல் வெளியான 'செயின்மெயில்' என்னும் போராட்டத்தில் சாதாரண வீரன் ஓரடியில் மாள்வான். மினசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னிசன், ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் ஒரு வீரனின் வேடமேற்று ஆடும் முறையை வகுத்தார். தான் வளர்த்த வீரன் ஒரே அடியில் மடிவதை எவன் பொறுப்பான்? இரும்புக் கவசக் கப்பல்களுக்கெனத் தாம் வைத்திருந்த விதிகளிலிருந்தே வீரனுக்கும் உயிர்ப்புள்ளிகளை எடுத்ததாக ஆர்னிசன் பிற்காலத்தில் சொன்னார். அவரும் கேரி கைகாக்சும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

ஆனால் வரும் வழியில் ஒன்று கழன்று விழுந்தது. எட்டுப் புள்ளியுடைய வீரன் ஏழை இழந்து குருதியில் நனைந்து நிற்கிறான் என்று கொள்வோம். அவன் வாள் முதல் அடியில் இருந்த வலிமையோடே பாய்கிறது. கால் தளராது, கை நடுங்காது. இன்னும் ஒரு புள்ளி போனால் பிணம்! அப்புள்ளிகள் வெறும் தசையல்ல, திறமையும் நல்வாய்ப்பும் சேர்ந்தவை என்று 1979-இல் கைகாக்ஸ் விளக்கம் எழுதினார். ஆட்டத்துக்கு இம்முறை நன்றே. காயம்பட்டவன் தளர்ந்துகொண்டே போவதாயின், முதல் அடியிலேயே ஆட்டத்தின் முடிவு தெரிந்துவிடும். எஞ்சிய நேரம் சலிப்பேயாகும்.

ஆட்டத்துக்கு வசதியான இதே கணக்கை உயிருள்ள மனிதர்மீது போட்டால் என்ன ஆகும்? அதையும் நம்மவர் கண்டனர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இருப்புப் பாதைக்குச் சாங்கியிலிருந்து போர்க்கைதிகளும், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரும் கொண்டுசெல்லப்பட்டனர். வேலைக்களத்தில் காலைதோறும் கேட்கப்பட்டது, இன்று எத்தனை ஆள் என்பதே. காய்ச்சலால் நடுங்கியவனும் ஓர் ஆள். காலில் புண் புரையோடியவனும் ஓர் ஆள். படுத்தவனுக்கோ அரிசி குறைந்தது. அரிசி குறையவே அவன் எழவில்லை. முதல் டார்பிடோ வளைத்த தண்டு போல, ஒரு காயம் அடுத்த காயத்துக்கு வழி திறந்தது.

போர்க்கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதிவைக்கத் தம் அதிகாரிகள் இருந்தனர். மருத்துவம் பார்க்கத் தம் மருத்துவர் இருந்தனர். அவருள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோரின் கல்லறையில் பெயர் உண்டு. நம் தொழிலாளருக்கு எழுதுவாரும் இல்லை, மருத்துவரும் அரியர். மாண்டவர் பல்லாயிரவர் என்று மதிப்பிடத்தான் முடிகிறது. பெயர் சொல்லி எண்ண முடியவில்லை. மேசை விளையாட்டில் பொய் வீரனின் ஒவ்வொரு காயத்துக்கும் காகிதத்தில் ஒரு கோடு விழுகிறது. மெய் மனிதருக்கு அந்தக் கோடும் விழவில்லை.

தோட்டத்துப் பெரட்டில் நின்றவர்க்கு இது புதிய செய்தியன்று. செக்ரோலில் விழுந்த பெயர், வந்தவன் எந்நிலையில் வந்தான் என்று சொன்னதில்லை. ஒரு புள்ளி மிஞ்சியவனை முழு வீரனாக எண்ணுவது ஆட்டத்தின் வசதி. ஆடுவோர் அதனை அறிந்தே ஆடுகின்றனர். வேலை வாங்குவோன் அதையே உண்மையென்று கொண்டால், வீழ்ந்த பின்னரே அவன் காயத்தைக் காண்பான். ஆள் எத்தனை என்று எண்ணுமிடத்திலெல்லாம், எந்நிலையில் இருக்கின்றனர் என்றும் கேட்பது நம் கடமையாகும்.