கருவேலம் இழந்த பெயர்

பெரிய காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்களைக் கடந்து ஊர்ப்புறம் சென்றால், ஏரிகளின் உட்பரப்பில் கருவேல மரங்களையும் அவற்றை நெருக்கி வளர்ந்த சீமைக்கருவேலையும் காண்கிறோம். பெயரும் முள்ளும் இவ்விரண்டையும் உடன்பிறப்பெனக் காட்டுகின்றன. மகரந்தமோ மறுக்கிறது. நுண்ணோக்கியில் கருவேலத்தின் மகரந்தம் பெரும்பாலும் பதினாறு மணிகள் ஒட்டிய திரளாகத் தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலில் ஒவ்வொரு மணியும் தனித்தனி.

வெப்பநாட்டு மரங்களில் இத்தகைய சான்றுக்குத் தனி மதிப்புண்டு. பூவும் காயும் எப்போதும் கைக்கு எட்டுவதில்லை, இலை எட்டும். அதன் மேற்றோலிலுள்ள துளைகள், மயிர்கள், மெழுகுப் பூச்சு ஆகியவை இனத்தை அறிய உதவும். ஆயினும் இலை ஏமாற்றவும் கூடும். சாலையோரங்களில் நாம் காணும் கத்திச்சவுக்கின் 'இலை', உண்மையில் தட்டையாகிப்போன காம்பு. நாற்றுப் பருவத்தில் மட்டுமே அது வேலமரத்துக்குரிய சிறகுபோன்ற கூட்டிலையைக் காட்டும். மகரந்தத்தின் மேலோடு அமிலத்திலும் அழியாத உறுதி உடையது. அதன் சாட்சியத்தை எளிதில் தள்ள முடியாது.

அச்சாட்சியத்தை முறையாகக் கேட்ட இடம் காஞ்சிக்குத் தொலைவானதன்று. 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், கினே என்னும் அறிஞர் இக்குடும்ப மரங்களின் மகரந்தம் பற்றி எழுதிய பெருநூலை 1969இல் வெளியிட்டது. கருவேல், வெள்வேல் இனத்தின் மணிகளில் வாயில்கள் பள்ளங்களோடு அமைந்துள்ளன. கருங்காலி, சீக்காய் இனத்தில் வெறும் துளைகளே. ஆஸ்திரேலிய வகைகளோ வேறொரு கட்டமைப்பு. 'அக்கேசியா' என்ற ஒரே பேரினத்துள் அடைத்து வைத்த மரங்கள் ஒரே வீட்டார் அல்லர் என்பது அப்போதே புலப்பட்டது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன.

வீட்டைப் பிரித்தால் பெயர் யாருக்கு? ஏறத்தாழ ஆயிரம் இனங்களைக் கொண்ட ஆஸ்திரேலியக் கிளைக்கே அது தரப்பட்டது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் வாக்களித்தோருள் சுமார் 55 விழுக்காட்டினர் இதை எதிர்த்தனர். தீர்மானத்தை மாற்ற 60 விழுக்காடு வேண்டும் என்ற விதியால் அது நிலைத்தது. 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதனை மாற்றவில்லை. நம் கருவேலம் 'வச்செல்லியா' ஆயிற்று. கருங்காலி 'செனெகாலியா' ஆயிற்று.

பிரித்தது சரியே, பெயரைக் கொடுத்த முறை நமக்கு உடன்பாடன்று. முதலாம் நூற்றாண்டில் டயாஸ்கோரிடீஸ் 'அக்காக்கியா' என்று குறித்தது எகிப்தின் முள்மரத்தை. அச்சொல்லையே அரபு மருத்துவர் 'அகாகியா' என ஏற்று, அம்மரத்தின் காய்ச்சாற்றை உலர்த்திய மருந்துக்கு இட்டனர். அம்மரத்தை அரபியர் 'கரழ்' என்பர். அதன் காய் தோல் பதனிடவும் உதவியது. அதன் பட்டையும் தோலுக்கு உரியதென்பதைத் தோல் தொழிலறிந்த ஆம்பூர், வாணியம்பாடி அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தாவரவியல் ஏட்டில் 'அக்கேசியா' இன்று ஆஸ்திரேலியக் கிளைக்கு உரியது. யுனானி மருந்துப் பட்டியலில் 'அகாகியா' இன்னமும் கருவேலத்தையே குறிக்கிறது.