கல் எடுத்த மலை

திருவள்ளூரிலிருந்து பூண்டி ஏரியைக் கடந்து ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் சீத்தஞ்சேரி வரும். அங்கிருந்து பிரியும் சாலை குடியம் கிராமத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நடைதான். காப்புக்காட்டுக்குள் முட்செடிகள் சட்டையைப் பிடித்திழுக்கும் தடத்தில் ஏறினால், வழியெங்கும் உருண்டைக் கற்கள் காலைப் புரட்டும். கடைசியில் மரங்களுக்கு நடுவே பெரியதொரு பாறைக்கூரை தலைக்கு மேல் கவிந்து நிற்கும். அதுதான் குடியம் குகை. விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து மலையேறிகள் குழுக்குழுவாக வருகிறார்கள். அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள்.

அவர்கள் குனிந்தும் பார்க்க வேண்டும். தமிழ் மண்ணில் நாம் அறிந்த மிகப் பழைய தொழிலின் மூலப்பொருள் அந்தக் காலடிக் கற்கள்தான்.

இந்த அல்லிக்குழி மலைத்தொடர் ஒரே கல்லாலானது அல்ல. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் ஆறுகள் உருட்டி வந்து குவித்த குவார்ட்சைட் கூழாங்கற்கள், மணலோடும் மண்ணோடும் சேர்ந்து இறுகிப் பாறையானவை. குகைக் கூரையைக் கையால் தடவினாலே அது தெரியும். முட்டையளவிலிருந்து தலையளவுவரை கற்கள் பதிந்து கிடக்கின்றன. மழையும் வெயிலும் பாறையை அரிக்க, கற்கள் கழன்று சரிவில் உருண்டு, ஓடைகள் வழியே கொசஸ்தலையாற்றுச் சமவெளிக்குப் போய்ச் சேர்கின்றன. இரும்பும் செம்பும் இல்லாத காலத்தில் இதைவிட நல்ல சுரங்கம் வேறில்லை. குவார்ட்சைட் கடினமான கல். சரியான இடத்தில் சரியான கோணத்தில் இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டினால் சில்லு பெயரும், பெயர்ந்த விளிம்பு கத்தியாக வெட்டும். இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சில்லு தட்டி, நுனி கூர்ந்து அடி பருத்த வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அது கைக்கோடரி. மாட்டிறைச்சியை அறுக்கவும், எலும்பை உடைக்கவும், மரத்தைச் செதுக்கவும், கிழங்கைத் தோண்டவும் ஏற்ற கருவி.

இந்தத் தொழில் இருந்ததே 1863 வரை இந்தியாவில் எவருக்கும் தெரியாது. அந்த ஆண்டு மே 30ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை எடுக்கத் தோண்டிய சிறு பள்ளம் ஒன்றின் அருகே, வெளியே கொட்டிக் கிடந்த கற்களில் ஒன்றை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல் அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1859இல், பிரான்சின் சோம் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழமையானவை என்று பிரெஸ்ட்விச் முதலான ஆங்கிலேய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து வைத்திருந்த கண்ணுக்குத்தான் பல்லாவரத்துக் கல் பட்டது. செப்டம்பர் மாதம் ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுக்கு அருகே அதிரம்பாக்கத்து ஓடையில் கருவிகளைக் குவியலாகவே கண்டார்கள். 28 வயதில் பல்லாவரத்தில் தொடங்கிய தேடலை ஃபூட் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவர் தென்னிந்தியா எங்கும் சேர்த்த கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூரில் இன்றும் அவை இருக்கின்றன. 1912இல் அவர் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது.

அதன் பிறகு இந்தப் பகுதி உலகப் பாடநூல்களில் ஏறியது. இங்கே கிடைத்த கைக்கோடரி வகைக்கு ‘மதராஸ் மரபு’ என்றே பெயர் வந்தது. 1930களில் பேட்டர்சனும் வி.டி. கிருஷ்ணசாமியும் ஆற்றங்கரைப் படிவுகளை ஆராய்ந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி அதிரம்பாக்கத்திலும் குடியம் குகையிலும் அகழாய்வு நடத்தினார். குகையில் கற்கருவிகள் கிடைத்தன. ஆனால் அவை எத்தனை ஆண்டுப் பழமை என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை. இவ்வளவு பழைய கருவிகளின் காலத்தை அளக்கும் வழி அன்றைக்குக் கைவசம் இருக்கவில்லை.

பதில் தேடி 1999இல் அதிரம்பாக்கத்தில் மறுபடியும் குழி தோண்டியவர் சாந்தி பப்பு. சென்னையிலுள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த அவரும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் விடாமல் அங்கே உழைத்தார்கள். ஓரிடத்தில் குழி சுமார் 9 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. மேலே செம்மண் சரளை. அதற்குக் கீழே தடித்த களிமண் அடுக்கு. அந்தக் களிமண்ணில் இயற்கையாகக் கல் கிடையாது. மெல்ல ஓடும் வெள்ளம் படியவிட்ட வண்டல் அது. பெரிய கல்லை உருட்டி வரும் வலு அதற்கு இல்லை. அப்படியானால் களிமண்ணுக்குள் புதைந்து கிடந்த ஒவ்வொரு கல்லையும் யாரோ தூக்கி வந்திருக்க வேண்டும். பெரிய சில்லுகளை உடைத்தெடுத்த தாய்க்கற்கள் அங்கே காணோம். வேறிடத்தில் சில்லுகளைப் பெயர்த்து, பாதி வேலை முடித்து, இங்கே கொண்டுவந்து இறுதி வடிவம் கொடுத்திருக்கிறார்கள். கல் எடுக்கும் இடம் ஒன்று, பட்டறை வேறொன்று. நாளைக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்து, பாரத்தைச் சுமந்து நடந்தவர்கள் அவர்கள். குகையின் பிரமாண்டத்தைவிட இந்தச் சுமைதான் பெரிய செய்தி.

அதே அகழாய்வில் குதிரை, எருமை, நீலான் ஆகிய இன விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. அப்போது இங்கே திறந்த புல்வெளி இருந்திருக்கிறது.

காலத்தைக் கணிக்க அந்தக் கருவிகளே உதவின. தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்வெளிக் கதிர்கள் தாக்கி அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு அணுவகைகள் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்ததும் உற்பத்தி நின்றுபோகும். இருப்பில் உள்ளவை தேயத் தொடங்கும். அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும், பெரிலியம் பாதியாக 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். பிரான்சு நாட்டு ஆய்வகத்தின் துணையோடு செய்த அளவீட்டின் முடிவு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது: சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள், எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல். நம் இனமான ஹோமோ சேபியன்ஸ் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்தச் சரிவுகளில் கல்தொழில் நடந்திருக்கிறது.

2018இல் ‘நேச்சர்’ இதழ் அடுத்த அத்தியாயத்தை வெளியிட்டது. சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கைக்கோடரிகள் அருகி, முன்கூட்டியே தயார்செய்த தாய்க்கல்லிலிருந்து வேண்டிய வடிவில் சில்லு எடுக்கும் புதிய முறை வந்துவிட்டது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ‘லெவலுவா’ என்ற பெயரில் அறியப்பட்ட நுட்பம் அது. ஏறக்குறைய 1,72,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தப் பட்டறை ஓய்ந்து ஓய்ந்து இயங்கியது. கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காததால், அவர்கள் எந்த மனித இனம் என்பது இன்னும் தீராத கேள்வி.

கல்லையும் மண்ணையும் தோண்டுவது இந்த மாவட்டத்தில் இன்றும் பெரும் தொழில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகள் இரும்பை உருக்குகின்றன. சாலைக்கும் மனைக்கும் வேண்டிய சவுடு மண்ணும் சரளையும் லாரி லாரியாகப் போகின்றன. அந்தச் சரளைதான் ஃபூட் கருவி கண்டெடுத்த வகைப் படிவு. சாலையில் கொட்டிவிட்ட பிறகு அதில் கைக்கோடரி கிடைத்தாலும் பயனில்லை. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால், 15 லட்சமா 4 லட்சமா என்று எந்த ஆய்வகத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நினைவுப் பொருளாக ஒரு கல்லைப் பைக்குள் போடும் பயணியும் சிறிய அளவில் அதே சேதத்தைத்தான் செய்கிறார்.

எனவே குடியம் போகிறவர்கள் முதலில் பூண்டியில் இறங்குவது நல்லது. 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கத்துக்கு அருகே, மாநிலத் தொல்லியல் துறை 1985இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. கைக்கோடரி, பிளப்பான், சுரண்டி என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் விளிம்பில் சில்லு பெயர்ந்த தழும்புகளை நிதானமாகப் பார்த்துப் பழகிக்கொண்டால், வெறும் கூழாங்கல்லுக்கும் செய்த கல்லுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடும். பிறகு வனத்துறையிடம் அனுமதி பெற்று மலையேறலாம். தடத்தில் அப்படியொரு கல் தென்பட்டால் கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்தில் சொல்லிவிட்டுப் போகலாம்.